மகன் ஏஐயோடு ஜப்பானிய மொழி பேசுகிறான், வகுப்பு இனித் தேவையா?

சகோதரி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். பட்டர்வொர்த்தில் இருக்கிறீர்கள். எஸ்.பி.எம். (மலேசியாவின் இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வு) முடித்த மகன் ஜப்பானுக்குப் போய்ப் படிக்க ஆசைப்படுகிறான். ஓராண்டாக வாரம் ஒரு வகுப்பு, மாதம் 280 ரிங்கிட். நான்கு மாதமாக இரவில் கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசியில் ஏஐ சாட்பாட்டோடு ஜப்பானிய மொழியில் பேசிக்கொண்டிருக்கிறான். "நீ என்3 நிலைக்கு வந்துவிட்டாய்" என்று அது சொன்னதாம், என்3 என்பது ஜப்பானிய மொழித் தேர்வில் ஒரு நிலை. இனி வகுப்பு வேண்டாம் என்கிறான், நிறுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பார்த்தால் காசைப் பற்றிய கேள்வி போல இருக்கிறது. ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "எனக்கு அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாது, அவன் கற்றுக்கொள்கிறானா இல்லையா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?" நீங்கள் கேட்க வந்தது இதுதான் என்று நினைக்கிறேன். இதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. பாயான் லெப்பாஸில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் 9 ஆண்டு மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். பிறகு 16 ஆண்டாக ஜார்ஜ்டவுனில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் வருபவர்கள் எஸ்.பி.எம். முடித்த பிள்ளைகளும் வேலைக்குப் போகிற பெரியவர்களும்தான், அதனால் சிறு பிள்ளைகளுக்கு நான் சொல்வது பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சாட்ஜிபிடி 2022 நவம்பர் கடைசியில் வெளிவந்தது. அடுத்த ஆண்டிலிருந்து பாடம் தயாரிக்க நானே இவற்றைப் பயன்படுத்துகிறேன். உங்கள் மகன் பேசி நான் கேட்டதில்லை. அவன் எந்த நிலையில் இருக்கிறான் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல என்னால் முடியாது.

சந்தேகமே இல்லாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த இயந்திரத்துக்கு ஜப்பானிய மொழி நன்றாகவே தெரியும். ஓர் இலக்கண வடிவம் புரியவில்லை என்றால் பத்து எடுத்துக்காட்டு தரும், இன்னும் புரியவில்லை என்றால் வேறு பத்து தரும், சலித்துக்கொள்ளாது. நடுராத்திரியிலும் பதில் சொல்லும். புலாவ் தீக்குஸ் சந்தையில் நடக்கிற மாதிரி ஒரு சின்னக் கதை, நாங்கள் இதுவரை படித்த சொற்களை மட்டும் வைத்து எழுது என்றால் ஒரு நிமிடத்தில் எழுதிக் கொடுக்கிறது. முன்பெல்லாம் இதற்கு என் ஞாயிற்றுக்கிழமை மாலை முழுதும் போய்விடும். இடையிடையே படிக்காத சொற்களையும் நுழைத்துவிடும், ஒருமுறை வாசித்துக் களைய வேண்டும், அவ்வளவுதான். எல்லாவற்றையும்விடப் பெரிய நன்மை, கூச்சம் போவது. வகுப்பில் வாயே திறக்காத ஒரு பையன், ஏஐயோடு ஆறு வாரம் பேசிவிட்டு வந்து முதல்முறையாகத் தானாக ஒரு கேள்வி கேட்டான். அந்த மாற்றத்தை நான் கண்ணால் பார்த்தேன். ஆகவே உங்கள் மகன் இரவில் செய்வது வீண் வேலை என்று நினைத்துவிடாதீர்கள்.

அப்படியென்றால் எங்கே குறை? ஒரு சம்பவம் சொல்கிறேன். ஜப்பானிய மொழியில் மருத்துவமனைக்கு 'ப்யோஇன்' என்று பெயர். அழகு நிலையத்துக்கு 'பியோஇன்'. முதல் சொல்லில் 'ப்யோ' ஒரே அசை, இரண்டாவதில் 'பி', 'யோ' என்று இரண்டு அசை. தமிழில் சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய் சேர்ந்து வராது. அதனால் நம் நாக்கு நடுவில் ஓர் இகரத்தைப் போட்டு இரண்டையும் 'பியோஇன்' ஆக்கிவிடும். என் மாணவி ஒருத்தி இரண்டு மாதம் தினமும் ஏஐயோடு குரலில் பேசிப் பழகியவள். "நேற்றுக் காய்ச்சல், அதனால் பியோஇன் போனேன்" என்று அதனிடம் பல தடவை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் அது, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அன்பாகப் பதில் சொல்லியிருக்கிறது. பிறகு ஒருநாள் இங்கே நீண்ட காலமாகத் தங்கியிருக்கிற ஒரு ஜப்பானிய மூதாட்டியிடம் அதே வாக்கியத்தைச் சொன்னாள். அந்த அம்மா முகம் சுருங்கி, "காய்ச்சலோடு முடி வெட்டிக்கொள்ளவா போனாய்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் அவள் திருத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை அவள் தவறாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

இயந்திரம் ஏன் திருத்தவில்லை? பேச்சை எழுத்தாக மாற்றும் மென்பொருள் காதில் விழுந்த ஒலியை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. முன்னும் பின்னும் உள்ள சொற்களைப் பார்த்து, இந்த இடத்தில் எது வரும் என்று கணிக்கிறது. காய்ச்சல் என்று வந்துவிட்டால் மருத்துவமனைதான் என்று எழுதிக்கொள்ளும். அதற்குப் பிறகு பதில் சொல்லும் பகுதிக்கு உங்கள் பிள்ளை தவறாக உச்சரித்தான் என்பதே தெரியாது. புதிதாக வந்தவை ஒலியை நேரடியாகவே வாங்கிக்கொள்கின்றன. நான் சோதித்தவரை அவையும் தாராளமாகத்தான் ஊகித்துக்கொள்கின்றன. தட்டச்சில் பேசினாலும் இதே கதைதான்: உருபு மாறியிருந்தாலும், வினை பாதியில் நின்றாலும் அது நிரப்பிக்கொள்ளும். ஒரு நல்ல கருவியாக அதன் திறமையே அதுதான். கற்றுக்கொள்பவனுக்கோ, தான் சொன்னது மற்றவருக்குப் புரியாமல் போகும் அந்த நொடி வேண்டும். அதை அது தருவதில்லை.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. மெரில் ஸ்வெய்ன் என்ற கனடா நாட்டு ஆய்வாளர் 1985 முதல் எழுதி வந்தது, கேட்டும் படித்தும் மட்டும் மொழி முழுதாக வந்துவிடாது, பேசவும் எழுதவும் முயன்று, எது தனக்கு வரவில்லை என்று உணரும்போதுதான் கற்பவர் அடுத்த படிக்குப் போகிறார் என்று. 1997-இல் லிஸ்டர், ரான்டா என்ற இருவர் கனடாவில் பிரெஞ்சு வழியில் படிக்கும் வகுப்புகளைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். ஆசிரியர்கள் அதிகம் செய்தது, பிள்ளை தவறாகச் சொன்னதைத் தாங்கள் சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்வது. பிள்ளைகள் மிகக் குறைவாகப் பிடித்துக்கொண்டதும் அந்தத் திருத்தத்தைத்தான். "எப்படி? இன்னொரு தடவை சொல்" என்று நிறுத்திக் கேட்டபோது தாங்களே திருத்திக்கொண்டார்கள். ஏஐ இயல்பாகச் செய்வது அந்த முதல் வகையை. நாசூக்காக, பேச்சோடு பேச்சாகச் சரியான வடிவத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். பையன் கதை சுவாரசியத்தில் அதைக் கவனிக்க மாட்டான்.

மரியாதை இன்னொரு விஷயம். நம் வீட்டில் ஒரு பிள்ளை மாமாவை 'நீ' என்று கூப்பிட்டால் உடனே யாராவது அதட்டுவார்கள். ஜப்பானிய மொழியில் 'அனதா' என்றால் 'நீங்கள்' என்று பாடப்புத்தகம் சொல்லும், ஆனால் மேலதிகாரியையோ ஆசிரியரையோ அப்படி அழைக்கக்கூடாது, பெயரோடு 'சான்', 'சென்செய்' போன்ற ஒன்றைச் சேர்த்து அழைக்க வேண்டும். இயந்திரத்தை 'அனதா' என்று ஆயிரம் தடவை கூப்பிட்டாலும் அதற்குக் கோபம் வராது. இதில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: ஜப்பானியர்களும் பெரும்பாலும் முகத்துக்கு நேரே திருத்த மாட்டார்கள். இரண்டு சொல் பேசினாலே "நன்றாகப் பேசுகிறீர்களே" என்று பாராட்டிவிட்டுப் போவார்கள். அதனால் ஒரு ஜப்பானிய நண்பர் கிடைத்துவிட்டால் போதும் என்றும் சொல்ல மாட்டேன். திருத்துவதையே வேலையாக வைத்திருக்கும் ஓர் ஆள் வேண்டும்.

சரி, அந்த 'என்3' விஷயத்துக்கு வருகிறேன். ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்5 முதல் என்1 வரை ஐந்து நிலை உண்டு, என்5 எளிது, என்1 கடினம். அதன் வினாக்கள் எல்லாம் கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பவை. பேச்சுத் தேர்வும் கிடையாது, சொந்தமாக எழுதும் தேர்வும் கிடையாது. ஆகவே உரையாடலை வைத்து யாராவது 'என்3' என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கே பொருள் இல்லை, இயந்திரம் சொன்னாலும் மனிதர் சொன்னாலும். அதோடு இவற்றுக்குப் புகழும் பழக்கம் உண்டு. 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் சாட்ஜிபிடியின் ஒரு புதிய பதிப்பை, பயனரை அளவுக்கு மீறிப் புகழ்கிறது என்று திரும்பப் பெற்றது. தேர்வு நடத்துபவர்களின் இணையத்தளத்தில் மாதிரி வினாக்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலில் என்4, அப்புறம் என்3, இரண்டையும் கைப்பேசியைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு, கடிகாரம் பார்த்துச் செய்யச் சொல்லுங்கள். விடையும் அங்கேயே இருக்கிறது, நீங்களே திருத்தலாம், மொழி தெரிய வேண்டியதில்லை.

எழுத்து வேலையில் இந்தக் கருவிகள் ஏற்படுத்தியிருக்கும் மாற்றம் எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது. வீட்டில் எழுதி வரச் சொன்ன கட்டுரைகள் 2023 வாக்கில் திடீரென்று அழகாகிவிட்டன. எழுதியவரிடமே ஒரு வாக்கியத்தைக் காட்டி, இதற்கு என்ன பொருள் என்று கேட்டால் விழிக்கிறார்கள். இதற்காக ஏஐ எழுத்தைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பிய ஆசிரியர்களையும் பார்த்திருக்கிறேன். அது தவறான வழி. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர் 2023-இல் அப்படிப்பட்ட ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் தாங்களே எழுதிய டோஃபல் ஆங்கிலத் தேர்வுக் கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை ஏஐ எழுதியது என்று அவை குற்றம் சாட்டின. ஓப்பன்ஏஐ தன் கண்டுபிடிப்புக் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் மூடிவிட்டது. நான் வீட்டுக் கட்டுரையையே நிறுத்திவிட்டேன். வகுப்பிலேயே இருபது நிமிடம், தாளில், பென்சிலால் எழுதுகிறார்கள். முதல் மாதம் எல்லோருக்கும் மதிப்பெண் சரிந்தது. எனக்கு அதுவே நல்லது, யாருக்கு என்ன தெரியாது என்று தெரிந்துவிட்டதே.

துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஏறக்குறைய ஆயிரம் மாணவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு, 2024-இல் வெளிவந்தது. சாதாரண சாட்பாட் வைத்துப் பயிற்சிக் கணக்குப் போட்டவர்கள், அது இல்லாதவர்களைவிடப் பயிற்சியில் 48 விழுக்காடு மேலாகச் செய்தார்கள். அதை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, அதைத் தொடாதவர்களைவிட 17 விழுக்காடு குறைவாக எடுத்தார்கள். விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த சாட்பாட்டைப் பயன்படுத்திய குழுவில் அந்தப் பாதிப்பு பெரும்பாலும் காணவில்லை. இது கணக்குப் பாடம், மொழி அல்ல. மொழிக்கும் அப்படியே பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், என் வகுப்பில் நான் காண்பது அதே திசையில் இருக்கிறது என்பதுதான் என்னிடம் உள்ள ஆதாரம். இன்னொன்று, இந்தக் கருவிகள் வந்து சில ஆண்டுகளே ஆகின்றன. முதல் எழுத்திலிருந்து ஏஐயோடு மட்டுமே படித்து, ஜப்பானில் பட்டமும் வாங்கி வேலையிலும் நிலைத்துவிட்ட ஒரு தலைமுறை இன்னும் உருவாகவில்லை. அதனால் முடியவே முடியாது என்றும் நான் சொல்லவில்லை.

மகனிடம் அதை விடச் சொல்லாதீர்கள், பயன்படுத்தும் விதத்தை மாற்றச் சொல்லுங்கள். உரையாடலைத் தொடங்கும் முன் அதனிடம் இப்படிக் கட்டளை போடட்டும்: நான் தவறு செய்தால் நீ திருத்தாதே, புரியவில்லை என்று சொல்லி நிறுத்து, நானே இரண்டு தடவை முயன்ற பிறகுதான் சரியானதைச் சொல், என்னைப் புகழாதே. சொன்னால் கேட்கும், ஆனால் பத்து நிமிடத்தில் பழைய குணத்துக்குத் திரும்பிவிடும், மறுபடி நினைவுபடுத்த வேண்டும். உச்சரிப்பைச் சோதிக்க வாக்கியமாகப் பேசக்கூடாது. கைப்பேசி விசைப்பலகையின் குரல் உள்ளீட்டில் ப்யோஇன், பியோஇன் போன்ற சொற்களைத் தனித்தனியாகச் சொல்லி, எது திரையில் விழுகிறது என்று பார்க்கட்டும். ஊகிக்கப் பக்கத்துச் சொல் இல்லாததால் அது கொஞ்சம் நேர்மையாக நடந்துகொள்ளும். ஏற்ற இறக்கத்தை மட்டும் அதனிடம் கேட்க வேண்டாம். ஒரே 'அமெ' என்ற சொல் குரல் ஏறி இறங்கும் விதத்தால் மழையாகவும் மிட்டாயாகவும் மாறும். எது எப்படி என்று எழுத்தில் கேட்டால் சில சமயம் தவறாகவே, துளியும் தயங்காமல் சொல்கிறது. அதற்கு ஒலிப்பு அகராதிகள் இருக்கின்றன.

அப்புறம் நம் பிள்ளைகளுக்கென்றே ஒன்று. பெரும்பாலானவர்கள் ஏஐயிடம் ஆங்கிலத்தில் கேட்டு ஆங்கில விளக்கத்தைப் படிக்கிறார்கள். ஆங்கிலத்தில் வினை நடுவில், ஜப்பானிய மொழியிலும் தமிழிலும் வினை கடைசியில். கையில் இருக்கும் சாவியை வைத்துவிட்டுச் சுவர் ஏறிக் குதிப்பது போலத்தான் அது. 'தபெதெ மிரு' என்றால் 'சாப்பிட்டுப் பார்', மிரு என்றாலே பார். 'கத்தெ ஒகு' என்றால் 'வாங்கி வை', ஒகு என்றால் வை. 'வசுரெதெ ஷிமத்தா' என்றால் 'மறந்துவிட்டேன்', நம் 'விடு' செய்கிற வேலையை அங்கே 'ஷிமவு' செய்கிறது. ஆங்கிலத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி விளக்கம் தேவைப்படும். தமிழ்ப் பிள்ளைக்குச் சொல்லுக்குச் சொல் வைத்தால் முடிந்தது. இதைத் தமிழோடு ஒப்பிட்டு விளக்கு என்று கேட்கச் சொல்லுங்கள். அதன் தமிழ் அதன் ஆங்கிலத்தைவிடப் பலவீனமானது, சில எடுத்துக்காட்டு கோணலாக வரும், ஆனால் நம் பிள்ளைக்குத் தமிழ் தெரியும் என்பதால் கோணலைப் பிடித்துவிடுவான். தமிழும் ஜப்பானியமும் ஒரே குடும்பம் என்று ஒனோ சுசுமு என்ற ஜப்பானிய அறிஞர் வாதிட்டது பலருக்குத் தெரிந்திருக்கும். பெரும்பாலான மொழியியலாளர்கள் அதை ஏற்கவில்லை. நான் சொல்வது உறவை அல்ல, அமைப்பு ஒத்திருப்பதை. அதை அனுபவிக்க உறவு தேவையில்லை.

வகுப்பை நிறுத்துவதா என்பதற்கு என் பதில், அது எப்படிப்பட்ட வகுப்பு என்பதைப் பொறுத்தது. மகனிடம் ஒன்று கேளுங்கள்: ஒரு மணி நேரத்தில் நீ எத்தனை நிமிடம் பேசுகிறாய், உன்னை நிறுத்தித் திருத்துகிறார்களா? இருபது பேரை உட்கார வைத்து ஆசிரியர் இலக்கணம் விளக்கி எல்லோரும் சேர்ந்து ஒப்பிக்கிற வகுப்பு என்றால், அந்த வேலையை ஏஐ இப்போது நன்றாகவே செய்கிறது, 280 ரிங்கிட் வேண்டாம். அதே காசில் மாதம் இரண்டு தடவை தனி ஆசிரியரிடமோ நான்கைந்து பேர் உள்ள சிறு குழுவிலோ சேர்த்து, மற்ற நாட்களில் ஏஐயோடு பழகவிடுங்கள். பேச வைத்துத் திருத்துகிற வகுப்பு என்றால் எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தாதீர்கள். அதோடு பினாங்கில் ஆண்டுதோறும் நடக்கும் போன் ஒடோரி என்ற ஜப்பானிய நடன விழாவுக்கு அவனை அனுப்புங்கள். அங்கே ஜப்பானியக் குடும்பங்கள் வரும்.

இனி நீங்கள் கேட்டது, மொழி தெரியாத அம்மா எப்படிக் கண்டுபிடிப்பது. வீட்டில் உள்ள ஒரு குடும்பப் புகைப்படத்தை எடுங்கள், தீபாவளிக்கோ கல்யாணத்துக்கோ எடுத்தது. திரை எதுவும் இல்லாமல், முன்தயாரிப்பு இல்லாமல், அதைப் பார்த்து இரண்டு நிமிடம் ஜப்பானிய மொழியில் பேசச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எத்தனை இடத்தில் நின்றான், எத்தனை இடத்தில் ஆங்கிலச் சொல் போட்டான் என்பது உங்கள் காதுக்கே கேட்கும். பிறகு அந்தப் பதிவை ஓர் ஆசிரியரிடம் கொடுத்து, புகைப்படத்தைக் காட்டாமல், கேட்டதை வைத்துப் படத்தில் யார் யார் இருக்கிறார்கள், என்ன நடக்கிறது என்று சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்வதும் படமும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். மூன்று மாதம் கழித்து இன்னொரு படம், இன்னும் இரண்டு நிமிடம். தெரிந்த ஆசிரியர் யாரும் இல்லையென்றால் முதல் பதிவை எனக்கு அனுப்புங்கள், கேட்டுவிட்டு எழுதுகிறேன். கட்டணம் எதுவும் வேண்டாம்.